திறப்பைத் திருகுமுன்…

திங்கட்கிழமை அதிகாலை ஐந்தரை மணி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் பாடசாலை வான் ஒன்று நிற்கிறது. பதினொரு பிள்ளைகள் வீட்டு வாசல்களில் புத்தகப்பையுடன் காத்திருக்கிறார்கள். சாரதி திறப்பைத் திருகுகிறார். டாஷ்போர்டில் விளக்குகள் எரிகின்றன. எஞ்சினிலோ ஒரு சத்தமும் இல்லை. மீண்டும் திருகுகிறார். மீண்டும், மீண்டும். விடியும்வரை ஐம்பது தடவையாவது திருகியிருப்பேன் என்று பிறகு அவரே சொன்னார்.

சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் அடைமழை. ஆனால் ஒழுங்கையில் கணுக்கால் அளவு தண்ணீர்கூட நிற்கவில்லை. ஆகவே மழைக்கும் வான் நின்றதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவர் எண்ணவில்லை. முதலாவது கராஜில் பற்றரி பழுது என்றார்கள். புதிய பற்றரி வாங்கினார். இரண்டாவது கராஜில் கம்பியூட்டர் போய்விட்டது என்றார்கள். பஞ்சிகாவத்தையில் பாவித்த கம்பியூட்டர் ஒன்றைத் தேடி வாங்கினார். அதைப் பூட்டியும் வான் அசையவில்லை. பதினொரு நாட்கள் கழிந்தன. பெற்றோர் பிள்ளைகளை வேறு வான்களில் சேர்த்தார்கள். லீசிங் தவணை வந்து நின்றது. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது.

அந்த நிலையில்தான் அவர் கொட்டாஞ்சேனையில் உள்ள எமது நிலையத்துக்கு வந்தார். கடன் கேட்டு வந்தார். எனக்கு வாகனம் ஓட்டத் தெரியுமே தவிர அதன் உள்விவகாரம் தெரியாது. கடனுக்கு எழுதிக் கொடுக்குமுன், நாற்பது ஆண்டுகளாக வாகன வயரிங் வேலை செய்யும் அயலவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். எல்லோரும் ‘பாஸ்’ என்று அழைக்கும் முதியவர் அவர். அவர் பொனற்றைத் திறக்கவில்லை, திறப்பையும் கேட்கவில்லை. இடப்பக்க முன்கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தில் காபட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். விரல்களுக்கிடையே தண்ணீர் எழுந்தது.

“பாதர், இங்கே ஒரு குளம் இருக்கு. தம்பி இவ்வளவு நாளும் குளத்துக்கு மேலே இருந்துதான் திறப்பைத் திருகியிருக்கார்” என்றார்.

இக்கட்டுரை அந்தக் குளத்தைப் பற்றியது.

கொழும்பும் தண்ணீரும்

கொழும்பு சதுப்பு நிலங்களுக்கும் கால்வாய்களுக்கும் நடுவே எழுந்த நகரம். அதன் மழைநீர் முகத்துவாரம், வெள்ளவத்தை, தெஹிவளை ஆகிய வாய்களாற் கடலையும், வடக்கே களனி ஆற்றையும் சேரவேண்டும். மழை மிஞ்சினால் இவ்வழிகள் போதா. 2010 நவம்பரில் ஓரிரவு மழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தால் சூழப்பட்டது. 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளியோடு அதே ஆறு மீண்டும் புறநகரங்களுக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான வாகனங்கள் நனைந்தன. அவற்றுட் பல ஏழை உழைப்பாளரின் முச்சக்கர வண்டிகளும் சிறு லொறிகளும் வான்களும் ஆகும்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டிலேதான் அது படிப்படியாக மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கோ ஏறிவிட்டது. இன்று பத்து, பதினைந்து வயதான வான் ஒன்று ஒரு குடும்பத்தின் வயலுக்குச் சமம். அதைத் தவறான முடிவொன்றால் இழப்பது வயலை இழப்பது போன்றது.

தண்ணீர் உள்ளே வரும் வழிகள்

வெள்ளம் வந்தாற்றான் வாகனத்தின் உள்ளே தண்ணீர் புகும் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. மர நிழலில் நிறுத்தப்படும் வாகனங்களுக்கு மழையே போதும்.

முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்களுக்குக் கீழே ஒரு தொட்டி போன்ற பள்ளம் உண்டு. கண்ணாடியில் வழியும் மழைநீர் அதில் விழுந்து, இரு ஓரங்களிலும் உள்ள துவாரங்கள் வழியாக நிலத்துக்குப் போகும். அத்துவாரங்களை இலைச் சருகு அடைத்தால் பள்ளம் நிரம்பும். காற்று உள்ளே வரும் வழியாகத் தண்ணீர் இறங்கி, கால் வைக்கும் இடத்திற் சேரும். எமது நண்பரின் வானில் நடந்தது இதுவே. கைப்பிடியளவு சருகுதான் பதினொரு நாள் வருமானத்தைத் தின்றது.

கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பர் வெடித்திருக்கலாம். கதவின் உட்புறப் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கலாம். பின்விளக்கின் றப்பர் இறுகிப்போயிருக்கலாம். குளிரூட்டியின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டாலும் இடப்பக்கம் நனையும். ஆனால் அது மழையில்லாத நாளிலும் நனையும். தண்ணீர் நிறமுடையதாய், விரலில் வழுவழுப்பாய், இனித்த மணமுடையதாய் இருந்தால் அது மழைநீர் அல்ல. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஹீற்றரிலிருந்து கசிகிறது என்று அறிக.

கெடுப்பது எது?

இந்தத் தண்ணீர் ஏன் வாகனத்தை நிறுத்துகிறது? அநேக ஜப்பானிய வாகனங்களில் பியூஸ் பெட்டி, ரிலேக்கள், சிலவற்றில் எஞ்சின் கம்பியூட்டர் ஆகியவை கால்வைக்கும் இடத்தின் பக்கப் பலகைக்குப் பின்னாலும் டாஷ்போர்டின் அடியிலும் உள்ளன. உலோக உடலோடு எர்த் வயர்கள் பூட்டப்படும் இடங்களும் அங்கேயே. காபட்டின் கீழுள்ள தடித்த பஞ்சு வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே காபட் காய்ந்ததுபோல் தோன்றும்.

பாஸ் எமக்குக் காட்டிய பாடம் இதுதான். தனித் தண்ணீர் செப்பை அரிக்கப் பல மாதங்கள் எடுக்கும். தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்தால் சில நாட்கள் போதும். பாடசாலையில் நாம் படித்த மின்பகுப்பு என்னும் அதே செயல்தான். 12 வோல்ற் எப்போதும் நிற்கும் ஊசிமுனை கரைந்து பச்சைக் களிம்பாகிறது. அந்த வானின் பற்றரி பதினொரு நாளும் பூட்டியபடியே இருந்தது. புதிய பற்றரி என்பதால் மின்சாரமும் தாராளம். ஒவ்வொரு திருகலும், ஒவ்வொரு ‘ஜம்ப்’ கொடுத்தலும் அந்த அரிப்புக்கு உணவிட்டது.

நனைந்த வாகனத்தில் மின்சாரம் எவ்வளவு ஆபத்தானது என்பதை வாகனங்களைச் செய்யும் நாடே அறியும். ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சு ஒவ்வொரு பெருவெள்ளத்தின்போதும் மக்களுக்குச் சொல்வது: நீரில் நின்ற வாகனத்தை நீங்களாக ஸ்டார்ட் செய்யாதீர்கள், பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். 2018 செப்டெம்பரில் வந்த புயலில் நிஷினோமியா நகரில் கடல்நீர் புகுந்த வாகனங்கள் பல நின்ற இடத்திலேயே தீப்பற்றி எரிந்தன. கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். காய்ந்த பின்னும் உப்பு அங்கேயே இருந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். மரைன் டிரைவ் ஓரம் வாகனம் நிறுத்துவோரும், 2004 சுனாமியைக் கண்ட எமது கிழக்குக் கரை மக்களும் இதை மனங்கொள்ள வேண்டும்.

முதல் ஒரு மணித்தியாலம்

முதல் ஒரு மணித்தியாலம் மெக்கானிக்கின் கையில் இல்லை. உரிமையாளரின் கையிலேயே உள்ளது. அப்போது செய்யவேண்டியவை:

1. திறப்பைத் திருகாதீர்கள். ‘ஒன்’ நிலைக்குக்கூட வேண்டாம்.

2. தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியது என்று பாருங்கள். சேற்றுக் கோடு சாட்சி சொல்லும். கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பற்றரியின் நெகட்டிவ் முனையை முதலிற் கழற்றுங்கள். பொசிட்டிவை முதலிற் கழற்றினால் ஸ்பனர் உடலில் பட்டுத் தீப்பொறி எழும்.

4. ஹைபிரிட் வாகனமானால் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம். கொழும்பில் ஓடும் டொயோட்டா அக்குவாவின் பெரிய பற்றரி 144 வோல்ற் கொண்டது. பின்னிருக்கையின் அடியிலேயே இருக்கிறது. உள்ளே நீர் புகுந்திருந்தால் பயிற்சி பெற்றவரையே அழையுங்கள்.

5. காற்று வடிகட்டியின் பெட்டியைத் திறந்து பாருங்கள். அது ஈரமாயிருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால்தேத்தண்ணீர் நிறமானால் எஞ்சினைச் சுற்றவே கூடாது.

ஐந்தாவது விடயத்தைச் சிறிது விளக்கவேண்டும். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. 2.8 லீற்றர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் 22 க்கு 1 என்ற அமுக்கமும் கொண்ட டீசல் வான் எஞ்சினில், பிஸ்டன் மேலே வரும்போது எஞ்சும் இடம் ஏறக்குறைய 33 மில்லிலீற்றர். இரண்டு மேசைக்கரண்டியைவிடச் சற்றே அதிகம். அதற்கு மேல் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால் கொனெக்டிங் றொட் வளையும். சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை, எஞ்சினையே மாற்றும் வேலையாகிவிடும்.

வண்டி என்ன சொல்கிறது?

காற்று வடிகட்டி காய்ந்திருக்கிறது, எண்ணெய் சுத்தமாயிருக்கிறது, தண்ணீர் உள்ளே மாத்திரமே புகுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காபட்டைத் தூக்கி, கீழே சொல்லியபடி உலர்த்திய பின்னரே பற்றரியை மீண்டும் பூட்டலாம். அப்போது திறப்பை ஒரு தடவை திருகி, காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை என்றால்: பற்றரி வடிந்திருக்கும், அல்லது பிரதான பியூஸ் எரிந்திருக்கும். மீற்றர் வைத்துப் பாருங்கள். நிறைந்த பற்றரி 12.6 வோல்ற் காட்டும், 12.2 என்றால் பாதி. 12 க்குக் கீழே போனால் முதலிற் சார்ஜ் பண்ணுங்கள். நனைந்த இணைப்பு இரவிரவாக மின்சாரத்தைக் குடிக்கும். ஆகவே பற்றரி வடிந்தது பல தடவைகளில் நோயின் அடையாளமேயொழிய நோய் அல்ல.

‘டக் டக்’ என்று மட்டும் கேட்டால்: மின்சாரம் போதாது. பற்றரி முனைகளையும் எஞ்சினிலும் உடலிலும் பூட்டிய எர்த் வயர்களையும் கழற்றி உலோகம் மினுங்கும்வரை துடைத்துப் பூட்டுங்கள். ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது மற்றவர் பற்றரி நெகட்டிவுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீற்றரை வைக்கட்டும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

விளக்கு எரிகிறது, ஸ்டார்ட்டரில் ஒரு சத்தமும் இல்லை என்றால்: ஸ்டார்ட்டர் ரிலே, அதன் பியூஸ், திறப்புச் சுவிச், ஓட்டோ கியர் வாகனமானால் கியர் நிலையைச் சொல்லும் சுவிச் ஆகியவற்றைப் பாருங்கள். எமது நண்பரின் வான் இந்த வகையைச் சேர்ந்தது. பெட்டியில் அதே இலக்கமுள்ள வேறு ரிலே இருந்தால், உதாரணமாக ஹோர்ன் ரிலே, மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். காசில்லாத சோதனை அது.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால்: பெற்றோல் வாகனத்தில் திறப்பை ‘ஒன்’ செய்ததும் பின்னால் எரிபொருள் பம்பின் மெல்லிய முனகல் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பம்பின் ரிலேயும் பியூசும். டாஷ்போர்டில் திறப்புக் குறியுள்ள விளக்கு அணையாமல் மின்னினால் திருட்டுத் தடுப்பு முறை எஞ்சினைப் பூட்டி வைத்திருக்கிறது. பழைய டீசல் வாகனமானால் டீசல் பம்பிலுள்ள சொலனோயிட்டுக்கு வரும் ஒற்றை வயரில் 12 வோல்ற் வருகிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். பிறகு ஹீற்றர் பிளக்குகள்.

சுற்றத் தொடங்கி ‘தொப்’ என்று நின்றால்: உடனே நிறுத்துங்கள். அது தண்ணீரின் குரல்.

உலர்த்துவதும் துடைப்பதும்

இருக்கைகளையும் காபட்டையும் கழற்றி, அடியிலுள்ள பஞ்சை வெளியே எடுத்து வெயிலிற் போடவேண்டும். இருக்கைக்குக் கீழும் ஸ்டியரிங் அடியிலும் மஞ்சள் நிற இணைப்புகள் உண்டு, அவை காற்றுப்பைக்குரியவை. பற்றரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்காமல் அவற்றை இழுக்காதீர்கள். அவற்றில் மீற்றரும் வைக்காதீர்கள். வெள்ளச் சேறோ கடல்நீரோ பட்ட இணைப்புகளை முதலில் நல்ல தண்ணீராற் கழுவி, பிறகு இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிறேயால் அல்லது ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, விசிறிக் காற்றில் ஓரிரு நாள் விடவேண்டும். சூட்டுக் காற்று அடித்தால் பிளாஸ்டிக் உருகும். உள்ளே அரிசி கட்டி வைப்பது வீண்வேலை, அரிசிக்குத்தான் நட்டம்.

அன்று பாஸ் பக்கப் பலகையைக் கழற்றினார். ஸ்டார்ட்டர் ரிலே பூட்டிய இடத்தில் ஊசிமுனை ஒன்று முற்றாக அரித்து விழுந்திருந்தது. எர்த் பூட்டிய ஆணியில் கறள். பழைய கம்பியூட்டரைத் திறந்தார். உள்ளே ஒரு துளி ஈரமும் இல்லை. அதையே திரும்பப் பூட்டினார். பஞ்சிகாவத்தையில் வாங்கிய கம்பியூட்டர் வேலை செய்யாததன் காரணம் அப்போது புரிந்தது: அந்த வானின் திறப்பை அது அறியாது. திருட்டுத் தடுப்பு உள்ள வாகனத்தில் வேறு வாகனத்தின் கம்பியூட்டரைப் பூட்டினால், திறப்பைப் புதிதாகப் பதிவு செய்யும்வரை அது எஞ்சினை விடாது. ஒரு ரிலே, ஒரு முழம் வயர், இரண்டு நாள் வெயில், அரைநாட் கூலி. மூன்றாம் நாள் வான் முதலாவது திருகலிலேயே உயிர் பெற்றது. நண்பர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

கராஜில் கேட்கவேண்டியவை

எமது மக்கள் வைத்தியரிடமும் மெக்கானிக்கிடமும் கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். கேட்பது அவமரியாதை அல்ல, உரிமை. “எந்தச் சோதனையால் இந்தப் பாகம் பழுது என்று கண்டீர்கள்?” “அதற்கு மின்சாரமும் எர்த்தும் வருகிறதா என்று பார்த்தீர்களா?” “கழற்றிய பழைய பாகத்தைத் தாருங்கள்.” இந்த மூன்றும் போதும். ஒரு கம்பியூட்டரைக் குற்றவாளி என்று தீர்க்குமுன் அதற்கு வரும் வயர்களை விசாரிக்கவேண்டும். நேர்மையான மெக்கானிக் இக்கேள்விகளுக்குக் கோபிப்பதில்லை.

காப்புறுதியையும் பாருங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வாகனத்தின் வெள்ளச் சேதத்துக்கு ஒரு சதமும் தராது. முழுக் காப்புறுதியிலும் வெள்ளம் அடங்கியுள்ளதா என்று பத்திரத்தை வாசித்தறியுங்கள். நனைந்த வாகனத்தைத் தொடுமுன் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அறிவிக்காமல் ஸ்டார்ட் செய்து எஞ்சினை உடைத்தால், அச்சேதம் வெள்ளத்தாலா உங்கள் கையாலா என்ற வாதம் எழும்.

அடுத்த மழைக்கு முன்

பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் அந்த வானுக்குத் திரும்பி வந்தார்கள். நால்வர் வரவில்லை. புதிய பற்றரிக்கும் பாவித்த கம்பியூட்டருக்கும் போன பணமும் திரும்பவில்லை. சங்கிலியை மீட்க அவருக்கு அடுத்த தவணைவரை சென்றது. அறியாமைக்கு ஏழைகள் கொடுக்கும் விலை எப்போதும் கூடியதே.

ஆனால் அதிலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வான், முச்சக்கர வண்டி ஓட்டும் பன்னிருவர் இப்போது மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறார்கள். பொதுப்பணத்தில் ஒரு மீற்றர், ஒரு சோதனை விளக்கு, ஒரு பற்றரி சார்ஜர் வாங்கியிருக்கிறார்கள். பாஸ்தான் ஆசிரியர். மே மாத மழைக்கு முன்னும் ஒக்டோபர் மழைக்கு முன்னும் ஒவ்வொரு வாகனத்தின் முன்கண்ணாடிப் பள்ளத்திலும் சருகை அள்ளி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது நிலத்தில் ஒழுகுகிறதா என்று பார்க்கிறார்கள். கதவுகளின் அடியிலுள்ள சிறு துவாரங்களை ஈர்க்கினாற் குத்தி விடுகிறார்கள். கடைசியாகக் காபட்டின் கீழே கையை விட்டுப் பார்க்கிறார்கள். ஒரு வாகனத்துக்கு அரை மணித்தியாலம் போதும்.

இதற்குக் கொழும்பு தேவையில்லை. மன்னாரில் மீன் ஏற்றும் லொறியும், கிளிநொச்சியில் நெல் ஏற்றும் லொறியும், மட்டக்களப்பு முச்சக்கர வண்டியும் இதே மழையில்தான் நனைகின்றன. உங்கள் கிராமத்திலும் ஒரு பாஸ் இருப்பார். அவரைச் சுற்றிப் பத்துப் பேர் கூடினால் ஒரு பாடசாலை உருவாகிவிடும்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வாகனத்தின் இடப்பக்க முன்கதவைத் திறந்து, காபட்டை உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விரல் நனைந்தால், திறப்பைக் கீழே வைத்துவிட்டு ஸ்பனரை எடுங்கள்.